எலியின் மூச்சும் எங்கள் அளவுகோலும்

விண்வெளிப் பயணத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தே எழுதியுள்ளனர். எந்த ஆண்டில் எவர் புவியைச் சுற்றினார், எவர் நிலவில் கால்பதித்தார், எந்த நாடு எந்த நாட்டை முந்தியது என்பனவே அவ்வரலாற்றின் அதிகாரங்களாக அமைந்தன. அந்த ரொக்கெட்டுகளுக்குள் எரிபொருளை நிரப்பியவர் யார், நிரப்பும்போது எழுந்த ஆவியைச் சுவாசித்தவர் யார், அந்த ஆவி எத்தகைய தீங்கு பயக்கும் என்று அறியும்பொருட்டு மனிதருக்குப் பதிலாக மூச்சிழுத்த உயிர்கள் எவை என்ற வினாக்கள் அடிக்குறிப்புகளாகவே நின்றுவிட்டன. இரசாயனமும் நோயியலும் கலந்த இவ்விடயத்தைக் கலைப்பீடத்து மாணவி ஒருத்தி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆயினும், ஓர் உடலுக்கு நேரும் தீங்கினை எந்தச் சான்றைக் கொண்டு, எவர் தீர்மானிப்பது என்ற வினா ஆய்வுகூடத்தின் சுவர்களுக்குள் அடங்கிவிடுவதன்று. அது அறவியலின் வினா, அளவையியலின் வினா. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, அடுப்படி வரை வந்துவிட்ட வினாவும் அதுவே.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை எனத் தெற்கு நோக்கி நீளும் எங்கள் கரையோர ஊர்களுக்கும் ரொக்கெட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. ஆந்திரத்துச் சிறீஹரிக்கோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் இந்திய ரொக்கெட் நேரே தெற்கு நோக்கிப் பறக்க இயலாது; பறந்தால் அதன் கழன்ற பாகங்கள் இலங்கையின்மீது விழக்கூடும். ஆதலால் அது முதலில் தென்கிழக்காகக் கடல்மேற் சென்று, பின்னர் வளைந்து தெற்குத் திசையைப் பிடிக்கின்றது. வானம் தெளிந்த இரவொன்றில் எங்கள் கடற்கரையில் நின்று, வடகீழ்த் திசையில் ஊர்ந்து சென்ற அந்த ஒளிப்புள்ளியை நானும் கண்டிருக்கிறேன். கரைவலைத் தோணியருகே நின்றவர்கள் அதனைப் பார்த்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தனர். அந்த ஒளியினால் எங்கள் ஊருக்கு நஞ்சு வருகின்றது என்று நான் கூற வரவில்லை. அது மிக உயரத்தில் எரிந்து முடிகின்றது. நான் பேச விரும்புவது எரிந்து முடியும் எரிபொருளைப் பற்றியன்று. எரிவதற்கு முன் தாங்கியில் நிரப்பப்படும் எரிபொருளைப் பற்றியே.

அந்த ரொக்கெட்டின் இரண்டாம் கட்டத்தை இயக்குவது ‘விகாஸ்’ என்னும் இயந்திரம். பிரான்சின் ‘வைக்கிங்’ இயந்திரத்தின் தொழினுட்பத்தை அடியாகக் கொண்டு, நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன் முதலான பொறியியலாளர் அதனை உருவாக்கினர். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் அது சோதிக்கப்படுகின்றது. அதன் எரிபொருளில் நூற்றுக்கு 75 பங்கு இருமெதயில் ஐதரசீன்; எஞ்சிய 25 பங்கு ஐதரசீன் ஐதரேற்று. நைதரசன் நாலொட்சைட்டுடன் சேர்ந்த கணமே தீப்பொறியின்றித் தானாகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. இவ்வியல்பினாலேயே உலக நாடுகள் பலவும் இக்குடும்ப எரிபொருள்களை விரும்பின. அமெரிக்காவின் தைத்தன் ஏவுகணைகளும், 1969 இல் நிலவில் இறங்கிய கலமும், சோவியத் நாட்டின் புரொட்டன் ரொக்கெட்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்த எரிபொருள்களையே நம்பின.

ஐதரசீன் என்பது இரண்டு நைதரசன் அணுக்களும் நான்கு ஐதரசன் அணுக்களும் சேர்ந்த எளிய மூலக்கூறு. ஜேர்மனிய அறிஞர் தியோடர் குர்தியஸ் 1887 இல் அதனைப் பிரித்தெடுத்தார். அடுத்த அரை நூற்றாண்டு அது ஆய்வுகூடத்து அலுமாரியிலேயே உறங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியின் ரொக்கெட் போர்விமானத்துக்கு எரிபொருளானபோது அது பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியது. போர் முடிந்து விண்வெளிப் போட்டி எழுந்த காலத்தில், ஏவுதளங்களிலும் கிடங்குகளிலும் அதனைக் கையாளும் தொழிலாளர் தொகை பெருகிற்று. அவர்கள் நெடுங்காலம் சிறுகச் சிறுகச் சுவாசிக்கும் ஆவி என்ன செய்யும் என்ற ஐயம் அப்போதுதான் அதிகாரபூர்வமான வினாவாயிற்று.

அவ்வினாவுக்கு விடைகாணும் பணி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ரைட்-பற்றர்சன் விமானப்படைத் தளத்தின் ஆய்வுகூடத்தில் நடைபெற்றது. எலிகள், சுண்டெலிகள், ஹம்ஸ்டர் என்னும் கொறிவிலங்குகள், நாய்கள் ஆகியன ஐதரசீன் ஆவி கலந்த காற்றுள்ள அறைகளில் விடப்பட்டன. ஆவியின் செறிவு நான்கு படிகளாக வகுக்கப்பட்டது. மிகக் குறைந்தது பத்து இலட்சம் பங்கு காற்றில் 0.05 பங்கு, மிகக் கூடியது 5 பங்கு. நாளொன்றுக்கு 6 மணித்தியாலம், வாரத்துக்கு 5 நாள், ஓராண்டு என்பது சோதனையின் கால அட்டவணை. அதன்பின் ஆவி நிறுத்தப்பட்டு, எலிகள் மேலும் 18 மாதம் கவனிக்கப்பட்டன. நாய்கள் அதனினும் நெடுங்காலம் பார்வையில் வைக்கப்பட்டன. முடிவுகள் 1981 இல் அறிக்கையாகவும் 1985 இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தன. எலிகளின் மூக்கினுள்ளே கட்டிகள் தோன்றியிருந்தன. செறிவு கூடக்கூடக் கட்டிகளும் கூடின. பெரும்பாலானவை தீங்கற்ற வகை. சில புற்றாக மாறியவை. உயர்ந்த செறிவைச் சுவாசித்த ஹம்ஸ்டர்களிலும் மூக்குக் கட்டிகள் காணப்பட்டன.

அந்தக் கால அட்டவணையைச் சற்று உற்று நோக்குமாறு வாசகரை வேண்டுகிறேன். ஐந்து நாள் வேலை, வார இறுதி ஓய்வு. இது எலியின் வாழ்க்கை முறையன்று. தொழிலாளியின் வாழ்க்கை முறை. அவனுடைய வேலைநேரத்தை எலிக்கு அணிவித்து, அவனுடைய காற்றை எலிக்கு ஊட்டி, அவனுக்கு முப்பது ஆண்டுகளில் நேரக்கூடியதை எலியின் குறுகிய ஆயுளுக்குள் காண முயன்றனர். ஒருவகையில் அந்த எலி அவனுக்குப் பதிலாளாக நின்றது.

இச்சோதனை இன்னொன்றையும் உணர்த்திற்று. ஐதரசீனுக்கு அமோனியா போன்ற நெடி உண்டு. ஆனால் மனித மூக்கு அந்நெடியை உணர்வதற்குப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 3 அல்லது 4 பங்கு ஆவியேனும் வேண்டும். எலிகளில் கட்டிகள் தோன்றிய செறிவுகளோ அதற்குக் கீழேயே தொடங்குகின்றன. அஃதாவது, மணக்கவில்லை என்பதனால் தீங்கில்லை என்று கொள்வதற்கு இடமில்லை. அமெரிக்க அரசின் தொழிலகச் சட்டம் ஐதரசீனுக்கு இன்றும் வைத்துள்ள எல்லை பத்து இலட்சத்தில் 1 பங்கு; அந்நாட்டுத் தொழிற்சுகாதார வல்லுநர் சங்கம் பரிந்துரைக்கும் எல்லையோ 0.01 பங்கு. ஒரே நாட்டில், ஒரே நஞ்சுக்கு, நூறு மடங்கு வேறுபட்ட இரண்டு அளவுகோல்கள். விஞ்ஞானம் எண்ணைத் தருகின்றது. அந்த எண்ணைச் சட்டமாக்குவதும் ஆக்காமல் விடுவதும் சமூகத்தின் செயல் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மனிதரிடத்தில் சான்று உண்டா? கலிபோர்னியாவில் ரொக்கெட் இயந்திரங்களைச் சோதித்த தொழிலாளர்களின் மரணப் பதிவுகளை ஆராய்ந்து 1999 இல் வெளிவந்த ஆய்வொன்று, ஐதரசீனுடன் கூடுதலாகப் பழகியோரிடையே நுரையீரற் புற்றுநோய் மரணங்கள் கூடியிருந்தமையைக் காட்டிற்று. அதே பணித்தலத்தை ஆராய்ந்த வேறொரு குழு 2006 இல் அத்தகைய தொடர்பைக் காணவில்லை. இறுதியில், பிரான்சின் லியோன் நகரிலுள்ள அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், விலங்குகளில் கிடைத்த போதிய சான்றையும் மனிதரில் கிடைத்த வரையறுக்கப்பட்ட சான்றையும் சேர்த்து நோக்கி, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு மிக்கவற்றின் வரிசையில் ஐதரசீனை வைத்தது. அம்முடிவை விளக்கும் நூல் 2018 இல் வெளியாயிற்று. எலிக்கு மூக்கில் வந்தது மனிதனுக்கு நுரையீரலிலா என்று ஐயுறலாம். எலி மூக்கினால் மட்டுமே சுவாசிக்கும் பிராணி. அதன் மூக்கு, உட்செல்லும் நஞ்சின் பெரும்பங்கைத் தானே தாங்கிக்கொள்கின்றது. மனிதனோ உழைத்துக் களைத்தால் வாயாலும் மூச்சுவிடுகிறான். நஞ்சு ஒன்றாயினும் அது தங்கும் இடம் வேறாகலாம்.

இவ்வளவையும் ஒரு விடுமுறையில் எங்கள் காக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் சாய்ந்தமருதுக் கடற்கரையோரத்துக் கொட்டிலொன்றில் படகு இயந்திரங்களைத் திருத்துபவர். மண்ணெண்ணெயும் பெற்றோலும் அவருடைய அன்றாடக் காற்று. தாங்கியிலிருந்து எண்ணெயை வெளியே எடுக்க வேண்டுமானால் இறப்பர்க் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் துப்புவார். பதினாறு வயதில் அக்கொட்டிலுக்குச் சென்றவர். என் படிப்புச் செலவின் ஒரு பகுதி அங்கிருந்தே வருகின்றது. அவர் சிரித்துக்கொண்டு, “மணம் பழகிட்டு தங்கச்சி, இப்ப தெரியிறதே இல்ல” என்றார். சற்றுப் பொறுத்து, “எலிக்கு வந்தா எனக்கும் வரணுமா?” என்று கேட்டார். முதலாவது கூற்றுக்கு என்னிடம் விடை இருந்தது. இரண்டாவது வினா என்னை நூலகத்துக்கு அனுப்பிற்று. அது வேடிக்கையாகக் கேட்கப்பட்ட வினாவாயினும், நஞ்சியலின் மிகக் கடினமான வினா அதுவே.

ஏனெனில் எலி எப்போதும் மனிதனுக்குச் சரியான பதிலாளன்று. காக்கா சுவாசிக்கும் பெற்றோலையே எடுத்துக்கொள்வோம். ஈயம் கலவாத பெற்றோலின் ஆவியை ஈராண்டு சுவாசித்த ஆண் எலிகளின் சிறுநீரகங்களில் கட்டிகள் தோன்றியமை 1984 இல் வெளியிடப்பட்டது. பெண் எலிகளில் அவ்வாறு நிகழவில்லை. சில ஏவுகணை, ஜெற் விமான எரிபொருள்களும் ஆண் எலிகளின் சிறுநீரகத்தையே இவ்வகையில் தாக்கின. காரணம் தேடியபோது, ஆண் எலியின் உடலில் பெருமளவில் உருவாகும் ஒரு புரதம் எரிபொருளின் கூறுகளுடன் பிணைந்து சிறுநீரகத்தில் தேங்குவதே அந்நோயின் வேர் என்று தெரிந்தது. அத்தகைய நிலை மனிதனிடத்தில் இல்லை. ஆதலால் அந்தக் கட்டிகளை மனிதனுக்கான எச்சரிக்கையாகக் கொள்ளலாகாது என்று அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் 1991 இல் முடிவு செய்தது. காக்காவின் வினாவுக்கு இங்கே கிடைக்கும் விடை “வரவேண்டியதில்லை” என்பதாகும்.

ஆயினும் அதே பெற்றோலினுள் பென்சீன் என்ற கூறும் உண்டு. அதன் கதை நேர்மாறானது. பென்சீன் கலந்த பசைகளைக் காற்றோட்டமற்ற அறைகளில் கையாண்ட இஸ்தான்புல் நகரத்துச் சப்பாத்துத் தொழிலாளரிடையே வெண்குருதிப் புற்று மிகுந்திருப்பதைத் துருக்கிய மருத்துவர் முஸப்பர் அக்சோய் 1970களில் வெளிக்கொணர்ந்தார். அமெரிக்காவின் இறப்பர்த் தாள் ஆலைகளிலும் அதே நிலை 1977 இல் உறுதியாயிற்று. விலங்குச் சோதனைகளில் தெளிவான சான்று கிடைத்தது அதன் பின்னரே. அஃதாவது, இங்கே எச்சரித்தது எலியன்று. சப்பாத்துத் தைத்தவன் எச்சரித்தான், அதுவும் தன் குருதியைக் கொடுத்து. இன்று பென்சீன் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானவற்றின் வரிசையிலே உள்ளது. காக்காவின் வினாவுக்கு இங்கே கிடைக்கும் விடை, எலிக்கு வருகின்றதா என்று பார்த்துக் காத்திருக்க முடியாது என்பதாகும்.

மூன்றாவதாகவும் ஒரு கதை உண்டு; அது எங்கள் மூத்தம்மாவின் கதை. அவருக்கு நடுவயதில் சயரோகம் கண்டது. மாதக்கணக்கில் உட்கொண்ட மாத்திரைகளுள் ஐசோனியசிட்டும் ஒன்று. அது ஐதரசீனின் வழித்தோன்றலே. போருக்குப் பின் ஜேர்மனியில் மிஞ்சிய ரொக்கெட் எரிபொருள் மருந்து நிறுவனங்களுக்கு மலிவாகக் கிடைத்தமை, 1950களின் தொடக்கத்தில் இவ்வகை மருந்துகள் தோன்ற ஏதுவாயிற்று என்று மருத்துவ வரலாற்றாசிரியர் கூறுவர். 1952 இல் பயன்பாட்டுக்கு வந்த அம்மருந்து உலகெங்கும் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தது. அதனை ஊட்டிய சுண்டெலிகளுக்கு நுரையீரற் கட்டிகள் வந்தன என்பதும் உண்மை. ஆனால் அதனை உட்கொண்ட நோயாளரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களிடையே அம்மருந்தினால் புற்றுநோய் பெருகியதாகக் காணப்படவில்லை. எனவே மருந்து நிலைத்தது. மூத்தம்மாவும் பேரப்பிள்ளைகளைக் கண்டார். அதே வேளையில், சிகரெட்டுப் புகையிலும் ஐதரசீன் மிக நுண்ணிய அளவில் உண்டு. தேநீர்க் கடை வாங்கில் அமர்ந்து புகைப்பவருக்கு அது எந்த நோயையும் தீர்ப்பதில்லை. ஒரே குடும்பத்து மூலக்கூறு ஓரிடத்தில் ரொக்கெட்டைச் செலுத்துகின்றது. ஓரிடத்தில் நோயைத் தீர்க்கின்றது. ஓரிடத்தில் நோயைத் தருகின்றது. பெயரைக் கேட்டு அஞ்சுவதும் பெயரைக் கேட்டுப் போற்றுவதும் ஒருபோலப் பயனற்றவை. எவ்வளவு, எவ்வழியாக, எத்தனை காலம், எந்தப் பயனுக்காக என்ற நான்கு வினாக்களுமே பயன்தருவன.

அச்சமே சான்றாகிவிடும் ஆபத்தும் உண்டு. 2015 மே மாதத்தில் கசகஸ்தானின் புல்வெளிகளில் சைகா என்னும் மான்கள் சில வாரங்களுள் இரண்டு இலட்சத்துக்கும் மேலாக மடிந்தன. அருகே பைக்கனூர் ஏவுதளம் உள்ளமையால், இருமெதயில் ஐதரசீனே காரணம் என்று பலர் ஐயுற்றனர். அவ்வெரிபொருளைச் சுமந்த ரொக்கெட்டொன்று 2013 இல் அங்கே விழுந்து வெடித்திருந்தமையால் அவ்வையம் இயல்பானதே. ஆனால் ஆராய்ந்தபோது, வழமையாக அம்மான்களின் உடலில் தீங்கின்றி வாழும் பக்றீரியா ஒன்று, அசாதாரண வெப்பமும் ஈரப்பதனும் நிலவிய நாட்களில் கொடிதாகப் பெருகிக் குருதியை நஞ்சாக்கியதே காரணம் என்று தெரிந்தது. எரிபொருளின் நஞ்சுத்தன்மையை இது பொய்யாக்கவில்லை. ஒரு பொருள் கொடியது என்பது, அருகில் நிகழ்ந்த ஒவ்வொரு மரணத்துக்கும் அதுவே பொறுப்பு என்பதற்குச் சான்றாகாது என்பதையே இது காட்டிற்று.

இவ்விடத்தில் விலங்குகளின் பக்கத்தையும் சொல்லாமற் செல்லலாகாது. பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த ‘இக்வானுஸ் ஸபா’ என்னும் அறிஞர் குழுவினர், விலங்குகள் மனிதருக்கெதிராக ஜின்களின் அரசனிடம் வழக்குரைக்கும் கதையொன்றை எழுதினர். தாம் அடிமைகளாகவும் சுமைதாங்கிகளாகவும் ஆக்கப்பட்டதை விலங்குகள் அம்மன்றில் ஒவ்வொன்றாக முறையிடுகின்றன. பூனையை அடைத்து வைத்துப் பட்டினி போட்டவளின் கதையையும், தாகித்த நாய்க்கு நீர் இறைத்துக் கொடுத்தவரின் கதையையும் சிறுவயதில் மத்ரஸாவில் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்த முறைப்பாடு அந்நியமானதன்று. ஒஹாயோவின் எலிகள் அம்மன்றில் நின்றிருந்தால் என்ன கூறியிருக்கும்? “எங்களைக் கொன்றீர்கள்” என்பது ஒரு குற்றச்சாட்டு. “எங்கள் மரணத்தால் அறிந்ததைப் பயன்படுத்தாமல் விட்டீர்கள்” என்பது அதனினும் கனத்த குற்றச்சாட்டு என்பது என் துணிபு. சோதனை முடிந்து நாற்பதாண்டு கடந்த பின்னும் சட்டத்தின் எண் அசையாதிருக்குமானால், அந்த உயிர்கள் எதற்காக மூச்சிழுத்தன?

விஞ்ஞான உலகம் முற்றிலும் வாளாவிருக்கவில்லை. ஐதரசீனுக்குப் பதிலாக நச்சுத்தன்மை குறைந்த எரிபொருள்களைப் பல நாடுகள் சோதித்து வருகின்றன. இந்தியாவும் அம்முயற்சியில் ஈடுபட்டுள்ளது. 2024 பெப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் அடிக்கல் நாட்டப்பட்ட புதிய ஏவுதளம், பிரதானமாகத் திண்ம எரிபொருளில் இயங்கும் சிறிய ரொக்கெட்டுகளுக்கானது. அங்கிருந்து அவை வளையாமல் நேரே தெற்கு நோக்கிச் செல்லலாம். ஏவுதளத்துத் தொழிலாளி முழுவுடற் கவசம் அணிந்து, குழாய்வழிக் காற்றைச் சுவாசித்தே எரிபொருள் நிரப்புகிறான். அந்தக் கவசத்தை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது எலியின் மூச்சு எனலாம்.

எங்கள் கரையோரத்துக் கொட்டில்களில் அத்தகைய கவசமும் இல்லை. அளவு பார்க்கும் கருவியும் இல்லை. பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று அங்கே எவரும் எண்ணியதில்லை. ஆயினும் எண்ணாமலே செய்யத்தக்கவை சில உண்டு. காக்கா இப்போது குழாயை வாயில் வைப்பதில்லை. சிறிய கைப்பம்பி ஒன்று வாங்கியிருக்கிறார். எரிபொருட் கலன்கள் கொட்டிலுக்கு வெளியே, மூடியிட்டு, நிழலில் வைக்கப்படுகின்றன. கடற்காற்று வரும் பக்கத்துத் தகரம் கழற்றப்பட்டுள்ளது. முகமூடி அணியுமாறு கேட்டதற்கு, வெக்கையில் இயலாது என்று மறுத்துவிட்டார். அம்மறுப்பிலும் நியாயம் உண்டு. இவை சிறு மாற்றங்களே. ஆனால் ஒருவனுடைய உடலைக் காப்பதற்கு, அவனுக்கு நோய் வந்தபின் எழுதப்படும் சான்றிதழை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை என்ற கொள்கை அவற்றுள் அடங்கியுள்ளது.

எலிக்கு வந்தது எமக்கும் வரவேண்டும் என்பதில்லை; வராது என்று இருந்துவிடவும் முடியாது. ஒவ்வொரு நஞ்சையும் தனித்தனியே விசாரித்து, கிடைத்த சான்றின் அளவுக்கு நம்பி, நம்பிய அளவுக்குச் செயற்படுவதே அறிவுடைமை. அந்த விசாரணையைச் செய்ய ஆய்வுகூடத்தார் இருக்கின்றனர். அதன் முடிவை எம் மொழியில், கொட்டிலில் நிற்பவருக்கும் வயலில் நிற்பவருக்கும் விளங்கும்படி எடுத்துரைக்கும் கடமை பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவருடையது. அக்கடமையைக் கலைப்பீடம், விஞ்ஞானபீடம் என்று பங்கிட்டுத் தட்டிக்கழிப்பதற்கில்லை.